முப்பத்து மூன்றாம் பக்கத்தின் பின்புறம்

பட்டறையில் அவரை எல்லோரும் கேஸ்கட் என்றே கூப்பிடுவார்கள். இன்ஜினின் இரண்டு பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கும் அட்டையை, பிளேடு பிடித்துக் கையிலேயே வெட்டித் தருவார். நல்ல வேலைக்காரர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலும் பழைய மோட்டார் சைக்கிள் மாத இதழ்கள். எல்லாம் எப்போதோ நின்றுபோன ஒரே பத்திரிகை. வண்டிப் பைத்தியம் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். அவர் தேடியது ஒரு முகத்தை. "அண்ணா, நானும் என் வண்டியும் புத்தகத்துல வரப்போறோம். எந்த மாசம்னு சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி" என்று சொன்ன தம்பி, அந்த வாரமே அதே வண்டியோடு லாரிக்கு அடியில் போனான். வயது இருபத்திரண்டு. வீட்டில் இருந்த படங்களில் அவனுக்குப் பத்து வயதுதான். வளர்ந்த முகம் வருடத்துக்கு வருடம் அவர் நினைவில் மங்கிக்கொண்டே வந்தது.

முப்பது வருடத்தில் ஒரே ஒரு இதழ் தவிர எல்லாம் சேர்ந்தன. எதிலும் தம்பி இல்லை.

ஒரு மத்தியானம் பழைய பேப்பர் கடைக்காரர் போன் செய்தார். "யோவ் கேஸ்கட்டு, உன் மாசம் சிக்கிருச்சு. இனிமேயாவது என் உசிர வாங்காம இருப்பியா?"

"பக்கமெல்லாம் சரியா இருக்கா?"

"பொண்ணா பாக்குற? வந்து தூக்கிட்டுப் போய்யா."

கடை வாசலிலேயே நின்று பிரித்தார். உள்ளடக்கத்தில் 'வாசகரும் வண்டியும், பக்கம் 34.' அதன் கீழே பொடி எழுத்தில் தம்பி பெயர். புரட்டினார். முப்பத்திரண்டுக்கு அடுத்து முப்பத்தைந்து. நடுத்தாளை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தையல் ஓரமாக ஒரு விரல் அகலம் விட்டு, கீழ்முனையில் சற்றே உள்ளே வளைத்து.

ஓரம் கிழியாமல் இருக்க அப்படி வெட்டுவது அவருடைய பழக்கம்.

பக்கம் 33, பச்சை டேங்க் வைத்த வண்டியின் முழுப்பக்க வண்ணப்படம். அது பட்டறைச் சுவரில், அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. தம்பி போன இரண்டாம் மாதம், யாரோ விட்டுப்போன புத்தகத்தில் பார்த்து, அவனுக்குப் பிடித்த வண்டியாயிற்றே என்று அவரே வெட்டி ஒட்டினார். மீதியைப் பழைய பேப்பரில் போட்டார். அப்போது எழுத்தைப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மறக்க முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பிடித்துப்போனால் போதும்.

பட்டறைக்கு வந்து ஸ்டூல் மேல் ஏறினார். மாவுப் பசையாக இருந்தால் தண்ணீரில் ஊறிக் கழன்றிருக்கும். அவர் தடவியது இன்ஜினுக்குப் போடும் ஷெல்லாக் என்கிற அரக்குப் பசை. ஸ்பிரிட் விட்டால் அது கரையும். அச்சு மையும் கூடவே கரையும். கீழ்மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்தார். தாள் இரண்டாகப் பிளந்தது. பச்சைப் பக்கம் நகத்தோடு வந்தது, பின்பக்கம் சுவரிலேயே நின்றுவிட்டது.

மனைவி போன் செய்தார். "கிடைச்சுதாங்க?"

"கிடைச்சுது."

"தம்பி இருக்காரா அதுல?"

"இருக்கான்."

"கூட்டிட்டு வாங்க. நான் அவரப் பாத்ததே இல்லையே."

"வரமாட்டான்டி. செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

தூக்கிய மூலையில் ஒரு சொட்டு ஷெல்லாக் தடவிப் பெருவிரலால் அழுத்தினார். நன்றாகவே ஒட்டிக்கொண்டது.