உரத்தொட்டியில் கிடந்த என் சமையல்

மனைவிக்கு விடியற்காலையிலேயே வேலை. எனக்குச் சென்னை பாடியில் ஒரு பட்டறையில் மதிய ஷிப்ட். அதனால் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சாப்பாடு கட்டுவது என் வேலையானது. டீ நேரத்தில் போன் போட்டு, "இன்னிக்கு எப்டிமா?" என்று கேட்பேன். "சூப்பர் நைனா" என்பாள். கூட வேலை செய்பவர்களிடம் என் கைப்பக்குவத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் உரம் தயாரிப்பதைப் பார்க்க மேனாம்பேட்டில் உள்ள அவள் பள்ளிக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பின்பக்கம் ஓட்டை போட்ட நீல டிரம்கள். மகள்தான் அவள் வகுப்பு உரக்குழுவின் தலைவி. மிச்சச் சாப்பாடு ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு என்று அழகாக விளக்கிவிட்டு, ஒரு மூடியைத் திறந்தாள். மேலாக மஞ்சளாய்ப் புளிசாதம். கருகிய வேர்க்கடலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்ளோ சோத்தை யாரு பாப்பா கொட்னது?" என்று ஒருவர் கேட்டார்.

விளக்கும் வேகத்தில் அவள், "என்துதான் அங்கிள். எங்க நைனா செஞ்சது. டெய்லி வரும்" என்றாள்.

"இன்னா அண்ணாத்தே, உரத்துக்குன்னே ஆக்கினு கீறியா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதெல்லாம் எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலும், மூடியைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "பசிக்கலியாமா உனக்கு?" என்றேன்.

"பக்கத்துல குந்தற பொண்ணு இட்லி தரும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அம்மா ஒருவாட்டி கொழம்புல உப்பு இல்லன்னதுக்கு நீ ரெண்டு நாள் பேசவே இல்லியே நைனா."

என் முகம் கோணக்கூடாது என்று ஒரு குழந்தை நாள்தோறும் பொய் சொல்லியிருக்கிறது.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் அம்மாவைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பரவால்ல தம்பி. பசியோட வருதுன்னு எங்க பொண்ணு சொல்லிச்சி. உங்க ஊட்ல கஷ்டமோன்னு நான்தான் சேர்த்து வெச்சி அனுப்பினேன்" என்றார்.

"ஆமாக்கா, கொஞ்சம் கஷ்டந்தான்" என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அதுவே கௌரவமாகப் பட்டது. பக்கத்தில் மகள் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. சோறு இருந்துது. நான் ஆக்கினதை வாய்ல வெக்க முடியல, அதான் கொட்டிட்டா."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ கத்துக்கறவரைக்கும் வெச்சி அனுப்பறேன்" என்றார்.

"சரிக்கா" என்று தலையாட்டினேன்.