வீட்டுக்கு ஓர் ஆள்

சோலையப்பன் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். மீசையை வைத்துப் பார்த்தால் இன்னும் கூடுதலாகவே தெரியும். மணமேல்குடிக்கு மேற்கே கண்மாய்ப் பாய்ச்சலில் கொஞ்சம் வயல், ஒரு ஜோடி மாடு, ஒரு கட்டை வண்டி, செவந்தி என்கிற மனைவி, சொர்ணவல்லி என்கிற ஒரே மகள். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். ஆனால் ஒன்றைச் சரியென்று மனசில் பிடித்துவிட்டாரானால் ஊரே திரண்டு வந்தாலும் அவரை அசைக்க முடியாது.

அவர் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்வதென்றால் சொர்ணவல்லியின் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. சாதாரணப் போக்கு இல்லை, ரத்தமும் சளியுமாக. சீதபேதி என்று நினைத்துச் செவந்தி மாதுளந்தோலைக் காய்ச்சிக் கொடுத்தாள். நின்றது. மறுபடி வந்தது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். நின்றது. மறுபடி வந்தது. கடைசியில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "குடல்ல புண்ணு இருக்கு. ஆறும், திரும்ப வரும். ஆயுசுக்கும் கூடவே இருக்குற சீக்கு. பத்தியமா இருந்தா சமாளிச்சுக்கலாம்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் தோளில் சாய்ந்து தூங்க, சோலையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரும் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள்.

சொர்ணவல்லிக்கு டீச்சராக வேண்டும். அது அவள் எப்போதோ முடிவு செய்துவிட்ட சங்கதி. அவள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்த அருள்ராணி டீச்சர் ஆவூர்ப் பக்கத்துக்காரர். கறுப்புக் குடையும் கைக்கடிகாரமுமாக அவர் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு யோசனையே இல்லை. எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறினால் டீச்சர் டிரெய்னிங் சேரலாம். ஆனால் பரீட்சைக்குப் போக வருகை வேண்டுமே. ஏழாம் வகுப்பில் அவள் வந்த நாளை விட வராத நாள்தான் அதிகம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அருள்ராணி டீச்சர் சோலையப்பனைக் கூப்பிட்டு விட்டார்.

"பிள்ளை நல்லாப் படிக்குதுங்க. அதுல கொறையே இல்ல. ஆனா போன வருசம் மாதிரி லீவு போட்டா இந்தப் பரீட்சைக்கு நான் அனுப்ப முடியாது. என் கையில இல்ல அது."

"ஆள் வந்தாகணும்கிறீங்க."

"ஆமாங்க. வந்தே ஆகணும்."

சோலையப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்த வாரமே சொர்ணவல்லிக்கு வயிறு படுத்தியது. மறுநாள் காலை முதல் மணி அடிக்கும்போது எட்டாம் வகுப்பு வாசலில் சோலையப்பன் நின்றார். வெளுத்த வேட்டி, மேலே துண்டு, தலையில் எண்ணெய் வேறு.

"என்னங்க?" என்றார் டீச்சர்.

"புள்ளைக்கு முடியலைங்க. அதான் நான் வந்துட்டேன்."

"லீவு சொல்ல வந்தீங்களா?"

"லீவு எதுக்குங்க? வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாச்சுல்ல?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோலையப்பனுக்கோ இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால் கண்மாய்க்கரையில் மண் போட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலகாரர் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டுக்காரனுக்கு முடியாவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் கூடையோடு வந்து நின்றால் போதும், கணக்குத் தீர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோலையப்பன் காய்ச்சலில் கிடந்தபோது சொர்ணவல்லிதான் போய் நின்றாள். கூடை அவள் உயரத்தில் பாதி இருந்தது. தனக்காக மண் சுமந்த பிள்ளைக்குப் பதிலாகத் தான் பாடம் சுமக்கக் கூடாதா என்பது அவருடைய கட்சி.

அருள்ராணி டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல பதிலாள் கெடையாதுங்க. நீங்க வந்தாலும் பிள்ளைக்கு ஆப்சென்ட்தான் போடுவேன்" என்றார்.

"நீங்க எதை வேணா போட்டுக்கங்க டீச்சரம்மா. இன்னைக்குப் பாடத்தையாவது கொண்டுபோய்க் குடுக்குறேன்."

ஆண்பிள்ளைகள் வரிசையில் கடைசியாக, வாசலோரம் போய் உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்குப் போதவில்லை, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தது. அழைப்பில் சொர்ணவல்லி என்று டீச்சர் கூப்பிட்டதும் எழுந்து, "உள்ளேன் டீச்சர்!" என்று கண்மாய்க்கரையில் குரல் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். டீச்சர் சொன்னபடி ஆப்சென்ட்தான் போட்டார்.

அதன் பிறகு மகள் போகாத நாளெல்லாம் அவர் போனார். சில நாள் பாதியில் தூங்கிவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவருக்குத் தெரியும் என்பதால் கணக்கையும் இங்கிலீஷையும் டீச்சர் சிலேட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். அதை அழியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் வரப்பில் வரும் காட்சியை வயலில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சரித்திரத்தை மட்டும் அவரே சொல்லிவிடுவார். தகப்பனைச் சிறையில் போட்ட ராஜா எவனாவது பாடத்தில் வந்தால், சொர்ணவல்லி கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை அவனைத் திட்டித் தீர்ப்பார். "அப்பா, வருசம் எதுன்னு டீச்சர் சொன்னாங்க?" என்று அவள் கேட்டால், "அந்தப் பயலுக்கு வருசம் ஒண்ணுதான் கேடு" என்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை சிரிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஆலங்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் பலாப்பழம் கொண்டுவந்தார். மகளுக்குப் பலாப்பழம் ஆகாது. அவள் பங்கையும் சேர்த்துச் சோலையப்பனே தின்று தீர்த்தார். மறுநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பழம் வேலையைக் காட்டியது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், மீசை வைத்த அந்த மனிதர், சின்னப் பிள்ளைகள் செய்வது போல இரண்டு விரலைத் தூக்கினார்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கூரையே இறங்கிவிடும் போலிருந்தது. டீச்சர் மேசையைத் தட்டத் தட்டச் சிரித்தார்கள். சோலையப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எங்கே ஓடுவது? பள்ளிக்கூடத்தைச் சுற்றி வெறும் பொட்டல். ஆண்பிள்ளைகள் போகிற உடைமரக்காடு கண்மாய்க்கு அங்கிட்டு இருந்தது. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள், "என்ன சோலையப்பா, பாடம் முடிஞ்சுதா?" என்று விசாரித்தார்கள். முள்ளுக்குள் போய் உட்கார்ந்தவருக்கு, வயிற்றுவலி தீர்ந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆம்பிளை எனக்கே இப்படி என்றால் என் பிள்ளை எங்கே போகும் என்ற நினைப்பு அவரை அங்கேயே அமுக்கிவிட்டது.

வீட்டுக்குப் போனபோது சொர்ணவல்லி சாணம் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அவர் பக்கத்தில் குந்தினார்.

"ஆத்தா, இன்னைக்கு வயிறு எப்படி இருந்துச்சு? நெசத்தைச் சொல்லு."

அவள் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கு வலி இல்லப்பா."

"பெறகு ஏம்மா போகல?"

"போயி அங்கன வச்சு வந்துட்டா என்னப்பா செய்யிறது? ஏழாம் வகுப்புல ஒருதடவ வந்துருச்சு. வெரலைத் தூக்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஓடுறதுக்குள்ள பாவாடையெல்லாம்..." மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

செவந்தி உள்ளேயிருந்து வந்து மகளை அணைத்துக்கொண்டாள். சொர்ணவல்லி போகாத நாளில் பாதி, வலியால் போகாத நாள் அல்ல. பயத்தால் போகாத நாள். இது தெரியாமல் இத்தனை நாள் சிலேட்டைச் சுமந்தோமே என்று சோலையப்பனுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு பனங்காட்டுக்குப் போனார்.

அந்தச் சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் குழி வெட்டி, மேலே பலகை போட்டு, சுற்றிலும் பனையோலையால் ஆள் உயரத்துக்கு மறைப்பு கட்டினார். பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர், ஒரு கூடைச் சாம்பல். திங்கட்கிழமை டீச்சர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைக எல்லாத்துக்கும் இருக்கட்டுங்க" என்றார் சோலையப்பன். "இன்னொண்ணும் கேக்கணும் டீச்சரம்மா. வாசலோரத்து எடத்த எம் மகளுக்குக் குடுங்க. வெரலைத் தூக்க வேணாம். அது பாட்டுக்கு எந்திரிச்சுப் போகட்டும், வரட்டும்."

"இது எனக்குத் தோணாமப் போச்சேங்க" என்றார் டீச்சர்.

சொர்ணவல்லி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். புண் சீறி எழுந்து அவளைப் படுக்கையில் தள்ளிய நாட்கள் அப்புறமும் உண்டு. அந்த நாட்களில் சோலையப்பன் எண்ணெய் தேய்த்துத் தலை சீவிக்கொண்டு கிளம்பி, பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" சொல்லி, ஆப்சென்டை வாங்கிக்கொண்டு வந்தார். மாசியில் வருகையைக் கூட்டிப் பார்த்த டீச்சர், மழைக்குத் தாங்கிய கரையைப் பார்த்தவர் போல மூச்சுவிட்டார். நூலிழையில் தேறியிருந்தது.

பரீட்சை அறந்தாங்கியில். போக ஒரு வாரம் இருக்கையில் சொர்ணவல்லிக்கு மறுபடி ரத்தம் கண்டது. மோரும் கஞ்சியுமாகச் செவந்தி தேற்றிப் பார்த்தாள். நிற்கவில்லை.

"டீச்சரம்மா, இதுக்கு மட்டுமாவது பதிலாள் உண்டாங்க?" என்று சோலையப்பன் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டது மாதிரியும் இருந்தது, நிஜமாகவே கேட்டது மாதிரியும் இருந்தது.

"இல்லீங்களே" என்றார் டீச்சர். அவருக்குக் கண் கலங்கியது.

"நான் போவேன்" என்றாள் சொர்ணவல்லி. "அங்கன எடம் எப்படிப்பா இருக்கும்? அது ஒண்ணுதான் எனக்குப் பயம்."

முந்தின நாளே சோலையப்பன் வண்டியில் பனையோலையும் கம்பும் மண்வெட்டியும் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி போய்ச் சேர்ந்தார். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தில் காவல்காரர் மறித்தார்.

"பரீட்சை நடக்குற எடத்துல கொட்டகை போடக் கூடாது, தெரியும்ல?"

"கொட்டகை இல்லீங்க. ஒரு மறைப்பு."

"யாரு புள்ளைக்கு?"

சோலையப்பனுக்கு மகள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "வெளியூர்லேருந்து பொம்பளப் புள்ளைக வருமுங்க. அதுகளுக்கு."

காவல்காரருக்கும் மகள் இருந்திருக்க வேண்டும். கடைசியில் அவரே குழி வெட்ட ஒரு கை கொடுத்தார்.

மறுநாள் காலை செவந்தி மகளை பஸ்ஸில் கூட்டி வந்தாள். வெளுத்துப்போய், கன்னம் ஒட்டி, ஆனால் தலை நிமிர்ந்து அந்தப் பிள்ளை உள்ளே போனாள். போகும்போதே கட்டடத்துக்குப் பின்னால் புது ஓலை தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். வாசலோரம் இடம் வேண்டுமென்று அவளே கேட்டாளாம். கொடுத்தார்கள்.

சோலையப்பன் வேலிக்கு வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். சன்னல் திறந்திருந்ததால் உள்ளே பெயர் கூப்பிடுவது காதில் விழுந்தது. ஒவ்வொரு பெயராக வந்தது.

"சொர்ணவல்லி."

சோலையப்பனின் முதுகு தானாக நிமிர்ந்தது. பழக்க தோஷம், வாய் திறந்துவிட்டது. சத்தம் வெளியே வருவதற்குள் உள்ளேயிருந்து மெலிந்த குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"உள்ளேன் ஐயா."

அவர் வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வண்டி நிழலில் உட்கார்ந்தார்.