உயிரோடு இருப்பவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி

நீராவி அக்கா இறந்துபோன செய்தி எங்கெங்கோ சுற்றி, கடைசியாக நீராவி அக்காவிடமே வந்து சேர்ந்தது.

அப்போது அவள் தன் சலவைக் கடையில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கையில் மலர்வளையத்தோடு ஒரு பெரியவரும், முகம் நிறையத் துக்கத்தோடு ஓர் அம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள்.

“லிஃப்ட் மெக்கானிக் ஐயா இருக்காராம்மா?” என்று பெரியவர் தணிந்த குரலில் கேட்டார்.

“லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்கார். எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவரோட மனைவி தவறிட்டாங்கன்னு நேத்து கோயில்ல தெரிஞ்சுது. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு…”

“அவரோட மனைவி நான்தான்.”

பெரியவர் மலர்வளையத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மலர்வளையத்தைப் பார்த்தார். கூட வந்த அம்மாள் சும்மா இருந்திருக்கலாம். “ரெண்டாந்தாரமா?” என்று கேட்டுவிட்டாள்.

“இருக்கிறதே ஒரு தாரம்தான். அதுவும் உயிரோடதான் இருக்கு,” என்று நீராவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அந்தப் பட்டப்பெயரைத் தொழிலுக்காக வைத்தார்களா, குணத்துக்காக வைத்தார்களா என்று யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் பொருந்தியது. வாசலில் நின்ற இருவரும் மென்று விழுங்கிச் சொன்னதிலிருந்து அவளுக்கு விஷயம் பிடிபட்டது. நேற்று அவர்கள் கோயிலில் எல்லாப் புனிதர்களின் திருநாள். பூசை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பீடத்துக்குப் போய், தங்கள் வாழ்க்கையில் பார்த்த ஒரு புனிதரின் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவது அந்தக் கோயில் வழக்கம். பொத்தான் கடை அம்மாவும் போனாள். “என் தங்கச்சி” என்றாள். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கி அழுதபடி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தாம்மா அன்னைக்கு மெழுகுவர்த்தி வைப்போம். நாங்க என்னத்தக் கண்டோம்?” என்றார் பெரியவர்.

பொத்தான் கடை அம்மா நீராவியின் கூடப் பிறந்த அக்கா. இருவரும் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அம்மா சுவர் முழுக்கப் புனிதர்களின் படங்களை மாட்டி வைத்திருந்தாள். சாவி தொலைந்தால் வேண்டிக்கொள்ள ஒருவர், தொண்டை வலித்தால் இன்னொருவர். பெரியவள் அந்தச் சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். சின்னவளுக்கு லிஃப்ட் மெக்கானிக் மாப்பிள்ளையாக வந்தார். அவர் போகிற ஜெபக்கூடத்தில் சுவரில் ஒரு கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. விசுவாசிக்கிற எல்லாருமே பரிசுத்தவான்கள், அதாவது புனிதர்கள்; அதில் சிலருக்கு மட்டும் தனியாக நாள் எதற்கு என்று அங்கே போதித்தார்கள். நீராவிக்கு அது முதல் நாளே பிடித்துப்போனது. எந்த அலுவலகத்திலும் சிபாரிசு தேடாமல் நேராக அதிகாரியின் மேசைக்குப் போய் நிற்கிறவள் அவள். கடவுளிடம் மட்டும் ஆள் வைத்துப் பேசுவாளா?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பொத்தான் கடையின் பின்னறையில் டீ போட்டு வைத்துக்கொண்டு இருவரும் இதைத்தான் பேசுவார்கள். பேசுவார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. சத்தம் தெரு வரைக்கும் கேட்கும்.

“பள்ளிக்கூடத்துல நல்லாப் படிச்ச பிள்ளை பேரைப் பலகையில எழுதிப் போடறதில்லையா? அதைப் பார்த்து மத்த பிள்ளைங்களும் படிக்கும். புனிதர் திருநாளும் அப்படித்தான்டி” என்பாள் அக்கா.

“பேரை எழுது, வேண்டாங்கல. அந்தப் பலகை முன்னாடி போய் எனக்கு மார்க் போடுன்னு நிக்கறீங்களே, அதைத்தான் கேக்கறேன். அதுவும் போகட்டும். பைபிள்ல பவுல் சபைகளுக்கு லெட்டர் எழுதறப்போ பரிசுத்தவான்களுக்குன்னுதானே எழுதறாரு? செத்தவங்களுக்கு யாராவது லெட்டர் போடுவாங்களா? உயிரோட இருந்தவங்களைத்தான் அப்படிக் கூப்பிட்டாரு!”

இதை நீராவி குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பாள். அக்கா ஒவ்வொரு தடவையும் “டீ ஆறுது, குடி” என்பாள். அந்தச் சண்டை இல்லாமல் இருவருக்குமே வாரம் முடியாது.

போன வருஷம் அக்கா கடை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுத்திருந்த நாட்களில், கடையைச் சாத்தியதும் நீராவி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். உடம்பு துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், மலச்சட்டி எடுத்தாள். படுக்கை விரிப்பை மட்டும் நர்சுகளைத் தொடவே விடவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட முதுகு புண்ணாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அக்காவை ஒரு பக்கம் புரட்டி, பாதி விரிப்பைச் சுருட்டி, மறுபக்கம் புரட்டி, புது விரிப்பைத் தோல்போல ஒட்ட இழுத்துவிடுவாள். வாய் மட்டும் ஓயாது. இந்த வயதில் ஏணி கேட்குதா, கீழ்த்தட்டில் பொத்தானே இல்லையா என்று திட்டிக்கொண்டே செய்வாள்.

அப்படி ஒரு நாள் தலையணை உறையைக் கழற்றித் துணி மூட்டையோடு கடைக்கு எடுத்துப்போனாள். உறைக்குள் அம்மாவின் சுவரிலிருந்த ஒரு புனிதர் படம் இருந்தது. அக்கா அதை வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. கொதிக்கிற தண்ணீரும் சோப்பும் போட்டு மெஷின் சுற்றியது. புனிதர் வெள்ளைத் துணுக்குகளாக விரிப்புகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அக்கா சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீராவிக்கு அது வாயில் வந்தால்தானே! களைப்பும் கோபமுமாக ஒரேயடியாக வெடித்தாள்.

“எதுக்கு இந்த அழுகை? அந்தப் புனிதரா வந்து உனக்கு பெட்ஷீட் மாத்தினார்? நான்தான் வந்தேன்!”

அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை டீ நின்றது. கோட்டுகளுக்கு வேண்டிய பொத்தானை நீராவி வேறு கடையில் வாங்கினாள். அவை இஸ்திரிச் சூட்டில் உருகின. உருகினாலும் பரவாயில்லை என்று அதையே வாங்கினாள். அக்கா இல்லாமல் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. சொல்லத்தான் வீம்பு விடவில்லை.

இப்போது இந்த மலர்வளையம்.

“செத்துப்போனவன்னு தலைமுழுகிட்டா போலிருக்கு” என்றாள் நீராவி. “எங்கே இருக்கா அவ?”

“கோயில்லதாம்மா. எட்டு நாளைக்கு மெழுகுவர்த்தி அணையாமப் பார்த்துக்கணும். இன்னைக்குக் காலை அவங்க முறை.”

இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். மலர்வளையத்தைப் பெரியவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வழியில் பார்த்தவர்கள் யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்தார்கள். “என் வீட்லதான்” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் அவள் கால் வைத்ததில்லை. பீடத்தின் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் வரிசையாக மெழுகுவர்த்திகள். ஊன்றுகோலோடு பெஞ்சில் அக்கா. சற்றுத் தள்ளி ஃபாதர் பூச்சாடிகளில் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கு வந்த மலர்வளையம். நீயே வச்சுக்கோ” என்று நீராவி அதை அக்காவின் மடியில் வைத்தாள். “என்மேல அவ்வளவு கோபமா? உயிரோட கொன்னுட்டியே!”

அக்கா திகைத்துப்போய்ப் பூக்களைத் தொட்டுப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, கடவுளே! என் தங்கச்சி, உயிரோடதான் இருக்கான்னு சேர்த்துச் சொல்லத்தான்டி போனேன். முதல் வார்த்தையிலயே அழுகை வந்துடுச்சு. மேல பேச முடியல.”

“எதுக்கு அழணும்?”

“நீதானே சொன்னே! புனிதர் வரல, நான்தான் வந்தேன்னு. ரொம்ப நாள் எரிச்சலாத்தான் இருந்துச்சு. நேத்து அவங்கவங்க பேர் சொல்லும்போது நானும் யோசிச்சேன். நாத்தம் பிடிச்சுக் கிடந்தேனே, அப்போ முகம் சுளிக்காம என்னைத் தொட்டது யாரு? உன் பேரைத் தவிர வேற பேர் எனக்கு வாயில வரல.”

நீராவி பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டாள். ஃபாதர் பூச்சாடியை வைத்துவிட்டுத் தயக்கத்தோடு அருகில் வந்தார்.

“அம்மா, மனசு புரியுது. ஆனா உயிரோட இருக்கறவங்களுக்கு வைக்கறது வழக்கமில்லையே. அதுக்குக் காரணமும் இருக்கு. மனுஷங்க நாளைக்கு எப்படி மாறுவாங்கன்னு யார் கண்டா? முடிஞ்ச வாழ்க்கையைப் பத்தித்தான் தைரியமாச் சொல்ல முடியும்.”

“இவளா? இவ நாளைக்கும் கத்துவா ஃபாதர். இப்பவே வழியில நாலு பேர்கிட்ட கத்திட்டுத்தான் வந்திருப்பா. கத்தாதவதான் புனிதைன்னா ஊமைக்குத்தான் திருநாள் கொண்டாடணும்” என்றாள் அக்கா.

“அதானே!” என்று நீராவியும் சேர்ந்துகொண்டாள். “அது மட்டுமா? வேதத்துலயே உயிரோட இருக்கறவங்களைத்தானே பரிசுத்தவான்கள்னு சொல்லியிருக்கு! செத்தவங்களுக்கு யாராவது லெட்டர் போடுவாங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான், தான் யார் கோயிலில், எந்த மெழுகுவர்த்திக்காக வக்காலத்து வாங்குகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயை மூடினாள். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஃபாதரும் சிரித்துவிட்டார். அடுத்த வருஷத்துக்குள் இதை யோசித்து வைக்கிறேன் என்று சொல்லிப் பூச்சாடிகளை நோக்கி நழுவினார்.

நீராவி, அக்கா கைகாட்டிய தன் மெழுகுவர்த்தியின் பக்கம் குனிந்தாள். ஊதி அணைத்துவிட்டுப் போவது என்றுதான் கடையிலிருந்து கிளம்பியிருந்தாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது மெழுகு சொட்டி ஊறிப்போன வெள்ளைத் துணி.

“இது என்ன லட்சணம்? அடியில ஒரு தட்டு வைக்கத் தெரியாதா? ஒவ்வொண்ணா தூக்குங்க ஃபாதர். துணியை நான் கொண்டுபோறேன். மேலயும் கீழயும் தாளை வச்சு இஸ்திரி போட்டா மெழுகு மொத்தமும் தாள்ல ஏறிடும்.”

துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“அந்தப் படத்தை நான் பார்க்கல அக்கா. பார்க்காமப் போட்டது என் தப்புதான்.”

“தெரியும் போ. ஞாயித்துக்கிழமை வரும்போது உருகாத பொத்தான் எடுத்து வைக்கறேன். உன் கோட்டுங்களை ரோட்டுல பார்த்தேன், வெட்கக்கேடு!”

ஜெபக்கூடத்தில் பேச்சு வராமலா இருக்கும்? உங்களுக்கு மெழுகுவர்த்தி எரிந்ததாமே என்று பாஸ்டர் கேட்டார். “எரிஞ்சுது பாஸ்டர். நான் யாரையும் கும்பிடல, என்னையும் யாரும் கும்பிடல. செஞ்சதுக்கு எங்க அக்கா நன்றி சொன்னா” என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவளும் தன் கொள்கையில் ஒரு நூல்கூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சண்டை பழையபடி தெரு வரைக்கும் கேட்டது.

ஆனால் அடுத்த வருஷம் அதே நாளில், பூசை முடிந்து எல்லாரும் வரிசையில் நின்றபோது, கடைசியில் நீராவியும் நின்றாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி, அதன் அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு. முன்பெஞ்சில் அக்கா ஊன்றுகோலைக் கெட்டியாகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவி திரியைப் பற்றவைத்தாள். பெரியவள் செய்த தவறைத் தானும் செய்துவிடக் கூடாது என்று மூச்சை இழுத்துப் பிடித்து, பின்வாசலில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“என் அக்கா. உயிரோடதான் இருக்கா. யாரும் மலர்வளையம் வாங்காதீங்க!”