சூடு என்று சொன்ன வாய்

காய்ச்சலோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், தயவுசெய்து என்னைப் போன்ற ஆளிடம் யோசனை கேட்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஓசூர்ப் பக்கம், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஆலையில் வேலை. எங்கள் உலைப் பிரிவில் எந்த நோய்க்கும் பேர் ஒன்றுதான்: சூடு. கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, சிறுநீர் நிறம் மாறினாலும் சூடு.

முதலில் காய்ச்சல் வந்தது என் கூட்டாளி முனிராஜுக்கு. மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான். தொடையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் படியேறியவன் பாதியில் நின்றான்.

“அண்ணா, டிகாஷன் மாதிரி போவுது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

“சூடுடா. மோரு குடி, செரியாப் போயிடும்.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். பெரிய வைத்தியன் என்று நினைப்பு. அவன் நம்பினான்.

மறுநாள் மயங்கி விழுந்தவனைப் பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நெஞ்சடைப்பு என்றார்கள்.

அவன் காரியம் முடிவதற்குள் எனக்கும் காய்ச்சல். அதோடு ஒரு ஷிஃப்ட் உலை முன்னால் நின்றேன். அடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கெண்டைக்கால் பலகையாக இறுகிவிட்டது. கழிப்பறையில் பார்த்தேன். அதே டிகாஷன். என் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன்.

“எப்போலேர்ந்து இந்தக் கலர்?” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா.

‘சூடுதாங்க’ என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். “காலையிலேர்ந்துங்க.”

சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டை ரத்தம் என்று காட்டியது. நுண்ணோக்கியில் ரத்த அணுக்களே இல்லை. அப்படியானால் அது மயோகுளோபின் (தசை சிதையும்போது கசியும் நிறமி) என்றார். ரத்தத்தில் சி.கே. (தசைக்குள் இருக்கவேண்டிய நொதி) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. காரணம் தேடிக் குடைந்தெடுத்தார். கொழுப்பைக் குறைக்க மாத்திரை உண்டா? குடிப்பீர்களா? அடிபட்டதா? பூச்சி, பாம்பு கடித்ததா? எதுவும் இல்லை. மூக்கில் எடுத்த மாதிரியில் இன்ஃபுளுயன்சா வைரஸ் இருந்தது.

“வைரஸ் தசையைக் கெடுத்திருக்கு. காய்ச்சலோட உலையில நின்னது அதை இன்னும் கூட்டியிருக்கு. சிறுநீரகத்தைக் காப்பாத்தணும்.”

நரம்பில் உப்புநீர் ஏற ஆரம்பித்த பிறகு கேட்டேன். “முனிராஜுக்கும் இதுதானுங்களா?”

“அவரைப் பார்க்காம நான் எப்படிங்க சொல்றது?”

அவ்வளவு படித்தவர், பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்குப் பின்னாலேயே நின்றான் அவன்; நான் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் சிறுநீர் தெளிந்தது. சிறுநீரகம் தப்பியது. இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். இந்தக் கால்கள் என்னுடையவை என்ற நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு அது நடந்து பல மாதம். எனக்கு ஒவ்வொரு ஷிஃப்ட்டும் அந்தப் படியில்தான் தொடங்குகிறது. பாதியில் தொடை பிடிக்கிறது, நிற்கிறேன். பின்னாலிருந்து அதையே கேட்கிறான் முனிராஜ்.

“போலாம் வாடா” என்கிறேன். இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.