அம்பாப் பாட்டுக்குத் தாளம் பார்த்தது

எழுபதுகளின் தொடக்கத்தில் நாரந்தனை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்பது சம்பளப் பட்டியலின் கருத்து. பிள்ளைகளுக்கு வேறு கருத்து இருந்தது. அங்கிருந்து தப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, பாட்டிலும் பேச்சிலும் தாளத்தை ஆராயும் ஒரு பேராசிரியரிடம் உதவியாளர் வேலை. அவர் கொழும்பிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். அன்று நான் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

அவருக்கு வேண்டியது கரையில் நின்று கயிற்றால் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு. கடற்கரைக்குப் போவோம் என்றேன். கருவாட்டு மணம் தனக்குத் தலையிடி தரும் என்றார். ஆகவே, பாட்டில் முதலடி எடுத்துக் கொடுக்கும், ஊரே அண்ணை என்று கூப்பிடும் மீனவரை வகுப்பறைக்கே கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, முன்னால் தாளத்துக்கு டிக் டிக்கென்று அடிக்கும் ஒரு மரப்பெட்டியை வைத்தோம்.

“கயிறு எங்கை, மாஸ்ரர்?”

“கயிறு வேண்டாம் அண்ணை. சும்மா பாடுங்கோ.”

“சும்மாவோ? அப்ப வலையை ஆர் இழுக்கிறது, உந்தப் பெட்டியோ?”

பாடினார். ஒவ்வொரு அடி முடிவிலும் நின்றார்; ஒருமுறை நீளமாக, ஒருமுறை கொஞ்சமாக. பெட்டி அவருக்காக நிற்கவில்லை. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

“நீர் இந்த ஊர் ஆள். சொல்லும், இவருக்குத் தாளம் பிடிக்க ஏலாதோ?”

எனக்குத் தெரியும். கயிறு இளகும்வரை அவர் அடுத்த அடியை எடுக்கமாட்டார். அலை வலையைப் பின்னுக்கு இழுக்கும் நேரத்தில் எடுத்தால் இழுக்கிறவர்களின் உள்ளங்கை உரிந்துவிடும். கதிரையிலும் அவர் கைகள் இல்லாத கயிற்றைப் பிடித்தபடிதான் இருந்தன. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் படித்த நாவல்களில் இப்படியான இடத்தில் யாராவது எழுந்து நிற்பார்கள்.

“ஓம் சேர், கொஞ்சம் பிசகுதான்” என்றேன், இருந்தபடியே.

வேலை கிடைத்தது. முதல் வேலையே அந்த ஒலிநாடாவைச் சவர அலகால் வெட்டி, அண்ணை நின்ற இடங்களை எல்லாம் எடுத்தெறிந்து, பெட்டியின் அடிக்குப் பொருந்த ஒட்டுவது. மேசைக்கடியில் வெட்டிய துண்டுகள் மீன்குடல் மாதிரிச் சுருண்டு கிடந்தன. பேராசிரியர் கேட்டுவிட்டு, “இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு” என்றார். நான் தலையாட்டினேன்.

பேராசிரியரின் புத்தகம் வெளிவந்தபின் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, தன் குரலைக் கேட்டே தீருவேன் என்று அண்ணை வந்து நின்றார். போட்டுக் காட்டினேன். தலையைச் சரித்துக் கேட்டார்.

“ஆர் மாஸ்ரர் இது?”

“நீங்கள்தான்.”

“நானோ! உவன் வலையைக் கடலிலை விட்டிட்டெல்லோ பாடுறான்?” சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “புத்தகத்திலை என்ரை பேர் போட்டிருக்கோ?” என்றார்.

“ஓம் அண்ணை.”

போட்டிருந்தது உண்மை. தாளத்தில் நில்லாதவர்களின் வரிசையில் முதலாவதாக.

பின்னேரமே ஒரு பெரிய விளைமீனைக் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். குழம்பு வைத்து, இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.