தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

டியூசன் தொழிலில் பாடம் நடத்துவது சுலபம், நம்ப வைப்பதுதான் பிராணனை வாங்கும். சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா?

பெரிய வாசல்

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பரமேஸ்வரி என்று எனக்கு ஒரு மாணவி. முப்பது வயதைத் தாண்டியவர், பாலர் பள்ளி உதவியாளர். ஆசிரியையாகும் ஆசையில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதி உயிரியலில் தோற்றிருந்தார். இன்னொரு முறை தோற்றால் படிப்புக்கு முழுக்கு என்று கணவர் மணியம் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடற்பஞ்சில் வந்து சிக்கினோம். எளிய கடற்பஞ்சின் உடம்பு ஒரு குழாய்தான். சுவரெல்லாம் நுண்துளைகள், நடுவே வெற்றிடம், உச்சியில் ஒரு பெரிய துளை. தண்ணீர் நுண்துளைகளில் நுழைந்து உச்சி வழியாக வெளியேறும். பரமேஸ்வரி ஒவ்வொரு முறையும் அம்புக்குறியைத் தலைகீழாகவே போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பெரிய வாசல் இருக்கிறப்ப யாரு சார் சின்ன ஓட்டையில நுழைவா?"

பாட்டில் செய்த துரோகம்

விடுவேனா? பிளாஸ்டிக் பாட்டிலைச் சுற்றி ஊசியால் துளையிட்டு, அவர் வீட்டிலேயே செய்து காட்டினேன். மேலே ஊற்றிய தண்ணீர் வெட்கமே இல்லாமல் பக்கத் துளைகளில் பீய்ச்சி மணியத்தின் சட்டையை நனைத்தது. உயிருள்ள பஞ்சின் உள்சுவரில் செல்கள் சாட்டை போன்ற கசையிழைகளை ஓயாமல் அடித்துத் தண்ணீரை உள்ளே இழுக்கும், பாட்டிலுக்கு அந்த வசதி இல்லை என்று சமாளித்தேன். தோட்டத்துப் பழக்குலை லாரி ஓட்டும் மணியம் சட்டையைப் பிழிந்தார்.

"உங்க பாட்டிலே எம் பொண்டாட்டி பக்கம்தான் சார் பேசுது."

நீலக் கலர்

மறுநாள், தன் மண்டையில் இது ஏறாது, இனி வகுப்புக்கு வரப்போவதில்லை என்று பரமேஸ்வரி சொல்லியனுப்பினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாட்டில் மேல். ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றும் நேரத்துக்கு இருவரையும் வற்புறுத்திப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வரவழைத்தேன்.

பாறைக் குழியில் ஒரு கடற்பஞ்சு இருந்தது. பாடத்தில் வரும் வகையைவிடச் சிக்கலானதுதான், ஆனால் தண்ணீர் போகும் திசை ஒன்றே. பலகாரத்துக்குப் போடும் நீலக் கலரைச் சிரிஞ்சில் எடுத்து அதன் பக்கவாட்டில் மெல்ல விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மணியம் கைப்பேசியை எடுத்துவிட்டார். பரமேஸ்வரி மட்டும் முட்டி போட்டுக் குனிந்தே இருந்தார். பிறகு உச்சித் துளையிலிருந்து நீலம் புகைபோல எழுந்தது.

அவர் சிரிஞ்சைப் பிடுங்கி மறுபக்கம் விட்டுப் பார்த்தார். மறுபடியும் மேலேதான் வந்தது. நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. மணியம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன் லா. நீ பாஸ் பண்ற வரைக்கும் எழுது."

அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்திய நான் அன்று வாயே திறக்கவில்லை என்பதை மட்டும், சக வாத்தியார்களே, என் மற்ற மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.