உப்பு இறங்கிய மண்

இன்று காலை கிணற்றடிப் பாத்தியில் ஒரு திருநீற்றுப் பச்சிலைக் கன்று முளைத்திருந்தது. இரண்டு வருடமாக ஒரு புல்கூட வராமல் வெள்ளை பூத்துக் கிடந்த இடம் அது. பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "உப்பு எறங்கிடுச்சு சார். இனிமே இன்னா வெச்சாலும் வரும்" என்று சந்தோஷப்பட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

அனுப்பம்பட்டில் இந்த வீட்டை வாங்கியபோது கூடவே வந்த தோட்டம் இது. விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாசனைச் செடிப் பைத்தியம். மரிக்கொழுந்து, ஓமவல்லி, வெட்டிவேர் என்று சாவியோடு அவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்களுக்கோ தென்னையும் முருங்கையும் தவிர வேறு தெரியாது. எங்கள் சொந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கிற அந்த மணல்திட்டில் வேறு என்ன முளைக்கும்? அந்த மணலையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் எங்கள் வீட்டுச் சுவரைச் சாய்த்தது. அதற்குப் பிறகுதான் நைனா என்னோடு வர ஒப்புக்கொண்டார். அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஏரியைப் பார்க்காமல் மனிதர் இங்கே தரிப்பாரா என்பதுதான் என் பயம். அதனால் தோட்டத்தை அவர் பொறுப்பில் விட்டேன்.

இலையைக் கசக்கி மோந்து பார்த்தால்தான் செடி பிடிபடும் என்றேன். கசக்கினார். "இன்னாடா இது, எத மோந்தாலும் மடவ வாசனையே வருது?" என்றார். பொய் இல்லை. வாழ்நாள் முழுக்க வலையிலிருந்து மடவை மீனைக் கழற்றிய விரல்கள். சின்ன வயதில், அவர் ஏரியிலிருந்து திரும்பி வந்து என் தலையைத் தடவினால் கண் திறக்காமலே நைனா என்று தெரியும். அந்தத் தைரியத்தில் இன்னொரு தூக்கம் போடுவேன். விரல்களை நம்பிப் பயனில்லை என்றானதும், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு செடி செடியாகக் குனிந்து மோந்தார். சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி அத்தனை மரியாதை. கிணற்றடி மரிக்கொழுந்தின் முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். "உங்கம்மா கல்யாணத்தன்னிக்கு தலையில இதத்தான் வெச்சிருந்தா" என்றார்.

அந்தப் பிரியம்தான் வினையாகிவிட்டது. வாரம் ஒருமுறை பழவேற்காடு போய் மீன் வாங்கி வந்து, கிணற்றடியில் தானே கருவாடு போடுவார். மீன் ஊறிய உப்புத்தண்ணீரை எங்கள் ஊரில் வீணாகக் கொட்ட மாட்டோம், தென்னைக்குத்தான் ஊற்றுவோம். குலை குலையாகக் காய்க்கும். மரிக்கொழுந்துக்கும் அந்த உபசாரத்தை நடத்தியிருக்கிறார். கொஞ்ச நாளில் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது.

"தென்னைக்கு ஊத்துனா காய்க்குது. இது இன்னாத்துக்குடா கருகிச்சு?"

"பரவால்ல நைனா, வேற வெக்கலாம்."

"வோணாம்."

அதோடு கருவாடு போடுவதை நிறுத்திவிட்டார். பழவேற்காட்டு பஸ் பக்கமே போகவில்லை. எதற்கெடுத்தாலும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், மீன் கை செடிக்கு ஆகாதாம். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் ஓமவல்லி இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். "இப்பத்தான்டா எல வாசன தெரியுது" என்றார். சந்தோஷமாகச் சொன்னது போலத்தான் இருந்தது. அந்த விரல்களை முகர்ந்ததும் யாரோ வேற்று மனிதர் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத்தான் பகீரென்றது. அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

இன்று எல்லாச் செடியும் எனக்கு ஓர் இலையிலேயே பிடிபடும். தோட்டம் கமகமக்கிறது, வருகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டுப் பாராட்டுகிறார்கள். மழை ஓய்ந்ததும் அந்த மொட்டை இடத்தில் குனிந்தால் மட்டும் லேசாகக் கருவாட்டு வாசனை வரும். அதற்காகவே அங்கே எதையும் நடாமல் விட்டிருந்தேன். இன்றும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். பச்சிலை வாசனைதான் வந்தது.